சிஸ்டர் படிக்கிற நேரம் யாருடையது?



ஆஸ்பத்திரிக்குப் போனால் உங்களுக்கு எரிச்சல் தருவது எது என்று போன மாதம் கேட்டிருந்தோம். பில், காத்திருப்பு, பார்க்கிங் என்று நாங்கள் எதிர்பார்த்த பதில்கள் நிறையவே வந்தன. எதிர்பாராத ஒன்றும் வந்தது. "சிஸ்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கலை, கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க" என்று, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், பலர் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதங்களுக்கிடையே, தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரின் கடிதமும் இருந்தது. அவர் வார்டுக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதாம். நைட் டியூட்டி முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாட்ஸ்ஆப் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. ஆன்லைன் பாடங்கள் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்து, சர்டிஃபிகேட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். அவர் போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டு, பிள்ளைகளுக்கு டிபன் கட்டியிருக்கிறார். சர்டிஃபிகேட் வந்துவிட்டது. வீடியோவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இரண்டும் வேறு வேறு சங்கதி போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்படியில் அரைக் காதால் பாடம் கேட்டவர், மறுநாள் நம் எதிரே உட்கார்ந்து எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று தேடுகிறார். அவர் கண் திரையில்தானே இருக்கும்?

சாஃப்ட்வேர் பயிற்சி என்பது நிர்வாகத்தின் தலைவலி, நமக்கென்ன என்று கேட்கலாம். ஓபி சீட்டு வாங்குகிற இடத்திலேயே அது நம் தலைவலியாகிவிடுகிறது.

நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நமக்கோ இனிஷியல். ஒருமுறை எஸ். லட்சுமி என்று பதிகிறார்கள். அடுத்த முறை லட்சுமி சுப்பையா. மூன்றாவது முறை ஆங்கில ஸ்பெல்லிங் மாறி இன்னொரு லட்சுமி. பிறந்த தேதி தெரியாத பாட்டிகளுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது வழக்கம். ஆக, ஒரே பாட்டிக்கு மூன்று பதிவுகள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு அவற்றில் ஒன்றில் மட்டும் இருக்கிறது. இன்று டாக்டர் திறப்பது எந்தப் பதிவை?

புதிதாகப் பதியும் முன் போன் நம்பரைப் போட்டு ஒருமுறை தேடிப் பார்த்தால் போதும், சில விநாடி வேலை. ஆனால் அதை யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும். கவுன்ட்டருக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கும்போதும் கை தானாக அதைச் செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்கு நான் விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் கர்ப்பத்தை 'பிக்மி' என்ற அரசுத் தளத்தில் பதிந்து 12 இலக்க எண் வாங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்த எண் வேண்டும், பிறக்கும் குழந்தையின் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். கடைசி மாதவிடாய்த் தேதி தப்பாக ஏறினால் பிரசவத் தேதிக் கணக்கே நகர்ந்துவிடும். வங்கிக் கணக்கில் ஓர் இலக்கம் மாறினால் தவணைப் பணம் வராது. அப்புறம் யார் அலைவது? கைக்குழந்தையோடு அந்தப் பெண்ணும், கூடவே அவள் அம்மாவும்தான்.

இது பெரிய ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிடும் விஷயமும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கும் மகளிர் தன்னார்வலர் கையிலும் ஓர் ஆப் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதற்கும் வந்தது. 'ஆபா' என்று ஒரு 14 இலக்க எண் கேட்கிறார்களே, அது இதன் கீழ்தான். நம் வீட்டுப் பெரியவரின் சர்க்கரை அளவு முதல் பிள்ளையின் தடுப்பூசி வரை ஏதோ ஒரு திரையில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏற்றுகிறவர்களுக்கு யார், எப்போது, எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

ஆன்லைன் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நேர்மாறாக, எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போய், "நர்ஸம்மா டிரெய்னிங் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் உங்களில் எத்தனை பேர்? மாவட்டத் தலைநகரில் ஒரு நாள் வகுப்பு என்றால், காலை பஸ் பிடித்துப் போய், ஹாலில் நூறு பேரோடு உட்கார்ந்து, தூரத்தில் தெரியும் திரையைப் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்புகிறார்கள். அன்று ஊரில் ஊசி போட ஆள் இல்லை. பாடம் போனிலேயே வந்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய சிஸ்டர்களை நினைத்துப் பாருங்கள். ஊசி குத்துவது தெரியாமல் ரத்தம் எடுக்கும் கைகள் அவை. அவர்களுக்குக் கீபோர்டு என்றால் தயக்கம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் "இது எப்படிம்மா?" என்று நான்காவது முறை கேட்கக் கூச்சமாக இருக்காதா? வீடியோவுக்கு அலுப்புத் தட்டாது. எத்தனை முறை பின்னால் தள்ளிப் பார்த்தாலும் முகம் சுளிக்காது. தனியார் மருத்துவமனைகளிலோ வெளிநாட்டு வேலை கிடைத்துப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள், புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வகுப்பு எடுப்பது நடக்கிற காரியமா?

இதற்கான தளங்களும் நம்மிடம் இருக்கின்றன. கொரோனா தொடங்கிய 2020 ஏப்ரலிலேயே மருத்துவப் பணியாளர்களுக்கான பாடங்களை மத்திய அரசு 'தீக்ஷா' தளத்தில் ஏற்றியது. பள்ளி ஆசிரியர்களுக்காக உருவான தளம், அவசரத்துக்குக் கைகொடுத்தது. இப்போது அரசு ஊழியர்களுக்கு 'ஐகாட் கர்மயோகி' இருக்கிறது. சுகாதாரத் துறைக்கென்றே 'சக்ஷம்' இருக்கிறது.

அப்படியானால் எங்கே இடிக்கிறது?

யூடியூபில் அதிரசம் செய்வதை எத்தனை முறை பார்த்தாலும், பாகுப் பதம் விரலில்தானே பிடிபடும்? சாஃப்ட்வேரும் அப்படித்தான். பார்த்து வருவதில்லை, செய்து வருகிறது. நோயாளி போல ஒரு பொய்ப் பெயரைப் போட்டு, அட்மிஷன் போட்டு, மருந்து ஏற்றி, தப்பாக ஏற்றி, அந்தத் தப்பைத் திருத்தி, டிஸ்சார்ஜ் சம்மரி எடுத்துப் பார்க்க ஒரு பயிற்சித் திரை வேண்டும். அங்கே என்ன குளறுபடி செய்தாலும் யார் உடம்புக்கும் ஒன்றும் ஆகாது. பல இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி, சர்டிஃபிகேட். அந்தப் பத்துக் கேள்விக்கும் விடை முதல் நாள் மாலைக்குள் வாட்ஸ்ஆப்பில் சுற்றத் தொடங்கிவிடும். நாமும் பரீட்சை எழுதி வந்தவர்கள்தானே!

ஒத்திகையின் அருமையை நாம் ஊரே சேர்ந்து பார்த்ததுண்டு. கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜனவரி 2-ஆம் தேதி, எல்லா மாநிலங்களிலும் ஊசியே இல்லாமல் ஒரு ஒத்திகை நடந்தது. பெயர் சரிபார்ப்பது, 'கோவின்' தளத்தில் ஏற்றுவது, அரை மணி நேரம் உட்கார வைப்பது என்று எல்லாவற்றையும் நடித்துப் பார்த்தார்கள். எந்த இடத்தில் சிக்கல் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் அது. அப்படியும், பின்னால் கூட்டம் அலைமோதிய நாட்களில் சர்டிஃபிகேட்டில் பெயர் மாறியது, போடாத இரண்டாம் டோஸுக்கு மெசேஜ் வந்தது என்றெல்லாம் நம்மில் பலர் புலம்பினோம். ஒத்திகை பார்த்த வேலைக்கே இந்தக் கதி. ஒத்திகையே பார்க்காத வேலைக்கு?

பணம் கொழிக்கும் நாடுகளிலும் இதே பாடுதான். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள சீடார்ஸ்-சைனாய் என்ற பெரிய மருத்துவமனை, டாக்டர்கள் மருந்துச் சீட்டைக் கம்ப்யூட்டரிலேயே எழுத வேண்டும் என்று 2002-இல் ஒரு சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. வேலை இழுக்கிறது, தொட்டதற்கெல்லாம் எச்சரிக்கை வருகிறது என்று டாக்டர்கள் கொதித்தார்கள். சில மாதங்களிலேயே, 2003 தொடக்கத்தில், அதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. இன்னொரு தகவல்: அதுபோன்ற மருந்து எழுதும் சிஸ்டங்களால் புதிதாக 22 வகைப் பிழைகள் நேர வழி பிறக்கிறது என்று 2005-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. திரையில் பொடி எழுத்தில் பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் பக்கத்து நோயாளியின் பெயரைத் தட்டிவிடுவது அவற்றில் ஒன்று. கையெழுத்து புரியாத தொல்லை போனது, விரல் வழுக்கும் தொல்லை வந்தது!

ஆகவே பயிற்சி என்றால் எந்த பட்டனை எங்கே தட்டுவது என்பதோடு முடிந்துவிடக் கூடாது. பட்டனுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்கு எடையைக் கிலோவில் போட வேண்டிய கட்டத்தில் வேறு எண் விழுந்தால் மருந்தின் அளவே மாறும். ஒரே லாகினில் மூன்று ஷிஃப்ட்டும் வேலை பார்த்தால், நடுராத்திரியில் மருந்தை மாற்றியது யார் என்று நாளை யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்தால், உடன் வந்தவர்கூட நம் ரிப்போர்ட்டைப் படிக்கலாம்.

"ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்று கவுன்ட்டரில் கேட்கிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபா எண் வாங்குவது நம் விருப்பம், கட்டாயம் கிடையாது. அதன் வழியாக நம் பதிவுகளை ஒரு மருத்துவமனை பார்க்க வேண்டும் என்றாலும் நம் சம்மதம் வேண்டும். ஆனால் ஓடிபி கேட்கிற பெண்ணுக்கு இது சொல்லித் தரப்பட்டதா? தெரிந்திருந்தால்தானே அவர் நமக்குச் சொல்வார்? எதற்கென்று தெரியாமல் ஓடிபி சொல்லக் கூடாது என்று வங்கிக்காரர்கள் நமக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போகிறதோ!

கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்ன செய்வது என்பதும் ஒரு பாடம்தான். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இணையத் தாக்குதல் முடக்கியது. ஏறக்குறைய இரண்டு வாரம் ஓபி, லேப், அட்மிஷன் எல்லாம் கையால் எழுதியே நடந்தன. பழைய கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கைகள் அன்று இருந்ததால் சமாளித்தார்கள். திரையை மட்டுமே பார்த்து வளரும் அடுத்த தலைமுறைக்கு அதையும் கற்றுத்தர வேண்டாமா?

ஆன்லைன் என்றாலே முன்பே எடுத்துவைத்த வீடியோ என்று ஏன் நினைக்க வேண்டும்? அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2003-இல் டாக்டர் சஞ்சீவ் அரோரா 'எக்கோ' என்ற ஒரு முறையைத் தொடங்கினார். ஈரல் நோய் நிபுணரான அவர், கிராமத்து டாக்டர்களை வாராவாரம் வீடியோவில் கூட்டி, அவரவர் பார்த்த நோயாளிகளைப் பற்றியே பேசவைத்தார். பெங்களூரு நிம்ஹான்ஸ் அதே முறையில் மனநல சிகிச்சையைச் சொல்லித் தருகிறது. மருத்துவப் பதிவு சாஃப்ட்வேருக்கும் இது ஏன் கூடாது? "இந்த வாரம் எங்கே மாட்டிக்கிட்டீங்க?" என்று கேட்டு, ஒருவர் திரையை எல்லோரும் பார்த்துப் பேசினால், ஒரு வட்டாரத்துச் சிக்கல் முழுவதும் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதையும் தமிழில் பேச வேண்டும். திரை ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், விளக்கம் வார்டில் பேசுகிற தமிழில் இருக்கட்டுமே.

முதல் சில வாரங்களுக்கு வார்டில் பக்கத்தில் நின்று உதவ ஒரு ஆளும் வேண்டும். எவ்வளவு நல்ல வீடியோவும் "சிஸ்டர், இப்போ இதைத் தட்டுங்க" என்ற குரலுக்கு ஈடாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் உண்மையில் சொல்ல வந்தது ஒன்றுதான். இதற்கெல்லாம் நேரம் யாருடையது?

டியூட்டி நேரத்தில் வார்டை விட முடியாது, ஆகவே வீட்டில் பாருங்கள் என்கிறார்கள். வீடு என்றால் யார் வீடு? செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு வீடு இரண்டாவது டியூட்டி. குக்கர் விசில், பிள்ளையின் ஹோம்வொர்க், மாமனாரின் மாத்திரை. ராத்திரி பதினொரு மணிக்கு, சொந்தப் போனில், சொந்த டேட்டாவில், கண் சொருகிக்கொண்டு படிக்கிற பாடம் மனசில் நிற்குமா? இதைப் படிக்கிற உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நமக்கு ஒரு பக்கம் கதைகூட ஓடாது.

நிர்வாகங்களின் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை. ஆள் பற்றாக்குறை நிஜம். ஒருவரைப் படிக்க உட்கார வைத்தால் பத்துப் படுக்கையை வேறு யார் பார்ப்பது என்று ஒரு மேட்ரன் கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் சாஃப்ட்வேருக்குக் கோடிகளில் பட்ஜெட் போடும்போது, படிக்கிற மணி நேரத்துக்கு மாற்று ஆள் வைக்கும் செலவையும் அதிலேயே சேர்த்தால் என்ன? ஷிஃப்ட் அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் என்று எழுதிவிடலாம். மருத்துவமனையிலேயே ஒரு மூலையில் இரண்டு கம்ப்யூட்டர், அங்கே உட்கார்ந்தவரை யாரும் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதி. ஆன்லைன் பாடம் எந்த நேரத்திலும் பார்க்க முடியும் என்பதுதானே அதன் பெருமை? அந்த 'எந்த நேரம்' டியூட்டிக்குள் ஏன் வரக் கூடாது?

கிராம சுகாதார செவிலியர்களின் பாடு இன்னும் மோசம். ஆப்பில் ஏற்றியதையே ரிஜிஸ்டரிலும் எழுத வேண்டியிருக்கிறது. எந்த ரிஜிஸ்டரை நிறுத்தலாம் என்று முடிவு செய்யாமல் மேலே மேலே பாடம் அனுப்பினால், நர்ஸம்மா வீடுகளுக்கு வருவது எப்போது? பயிற்சி தருவதற்கு முன்னால் ஒரு நோட்டையாவது மூடுங்கள் என்பேன் நான்.

நம் பங்குக்கும் கொஞ்சம் இருக்கிறது. சிஸ்டர் திரையைப் பார்க்கிறார் என்று முகம் கோணாமல், "என்ன பதியறீங்க சிஸ்டர், எனக்கும் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பெயர், வயது, எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இந்த நான்கும் சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். போன தடவை எந்தப் பெயரில், எந்த நம்பரில் பதிந்தார்களோ அதையே சொல்லுங்கள். பழைய ஓபி சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புதுச் சீட்டு போடச் சொல்லாதீர்கள். உள்நோயாளியாக இருந்துவிட்டு வந்தவர்கள் தங்கள் மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறை சொல்கிறது. வாங்கிப் படியுங்கள். தப்பிருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

வீட்டில் செவிலியராக இருக்கும் மகளோ மருமகளோ போனும் கையுமாக இருந்தால், அது பாடமாகவும் இருக்கலாம். அரை மணி நேரம் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்களேன்.

அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அதில் உறுப்பினராக இருந்தால், கட்டில், ஃபேன், குடிநீர் பற்றிப் பேசும் கூட்டத்தில் செவிலியர் பயிற்சியைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. ரோடும் தெருவிளக்கும் பேசி முடித்த பிறகு எழுந்து நின்று கேளுங்கள்: நம் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு டியூட்டி நேரத்தில் பயிற்சி உண்டா, வேலைக்கென்று தனியாக டேப்லெட் கொடுத்திருக்கிறீர்களா, அதற்கு ரீசார்ஜ் செய்வது யார்?

அன்புடன்,
ஆசிரியர்